ஓட்டை எங்கே? குற்றம் யாரிடம்?

மூன்றாமாண்டு மாணவன், இயந்திரவியல் துறை

இட்லியை இரண்டாகப் பிட்டுப் பார்த்தால் உள்ளே சின்னச் சின்ன ஓட்டைகள் இருக்க வேண்டும். இருந்தால் அம்மாவைப் பாராட்டுவோம். ஆப்பத்தில் இருந்தால் இன்னும் இரண்டு கேட்டு வாங்கிச் சாப்பிடுவோம். அதே ஓட்டை ஓர் அலுமினிய வார்ப்புக்குள் இருந்தால் என்ன ஆகும்? பம்பு ஒழுகும். கியர் பாக்ஸில் எண்ணெய் கசியும். இழுவிசை தாங்காமல் ஒரு நாள் பட்டென்று உடையும். எங்கோ ஒரு பவுண்டரியில் ஒரு மோல்டருக்குச் சனிக்கிழமைக் கூலி குறையும். கடைசியாகச் சொன்னேனே, அதைப் பற்றி நம் பாடப் புத்தகத்தில் ஒரு வரிகூடக் கிடையாது. அதனால்தான் நண்பர்களே, ஆண்டு மலருக்குக் கவிதை எழுதித் தருவதாகச் சொன்ன நான், கவிதையை விட்டுவிட்டு இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்தேன்.

கோயம்புத்தூரைப் பற்றி நம் மாணவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பஞ்சாலை வந்தது, பஞ்சாலைக்கு உதிரிப் பாகம் செய்யப் பட்டறை வந்தது, 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்தது, கிணற்றுக்கு மோட்டார் பம்பு வந்தது. இவை அத்தனைக்கும் அடியில் பவுண்டரி இருந்தது. இரும்பு வார்ப்புதான் இங்கே அண்ணன். அலுமினிய வார்ப்பு தம்பி. ஆனால் எடை குறைவு என்பதால் தம்பிக்குத்தான் இன்று மவுசு. மின்சார வண்டிகளின் மோட்டார் உறைகூட அலுமினியத்தில்தான் வார்க்கப்படுகிறது.

நானும் என் வகுப்பு நண்பர்கள் இருவரும் எங்கள் புராஜெக்டுக்காக அப்படிப்பட்ட ஒரு சிறிய அலுமினிய பவுண்டரிக்கு 2024 ஆடி மாதத்திலிருந்து ஐப்பசி வரை, சனிக்கிழமைகளிலும் விடுமுறை நாட்களிலும் போய் வந்தோம். பெயர் வேண்டாம். மொத்தம் பதினைந்து பேர் வேலை செய்கிற இடம். ஆயில் பர்னஸ் ஒன்று, மண் அரைக்கிற மில் ஒன்று, மோல்டிங் பாக்ஸ்கள், ஒரு தகரக் கொட்டகை. அங்கே மணல் அச்சில் எல்.எம்.6 கலவையில் பஞ்சாலை இயந்திரத்துக்கான கியர் பாக்ஸ் மூடி வார்க்கிறார்கள். எல்.எம்.6 என்றால் அலுமினியத்தோடு 10 முதல் 13 சதவீதம் சிலிக்கான் சேர்ந்தது. நன்றாக ஓடும், அச்சின் மூலை முடுக்கெல்லாம் நிரம்பும்.

அங்கே ஒரு வழக்கம். பர்னஸ்காரருக்கு நாள் கூலி. மோல்டிங் மேஸ்திரிக்கு மட்டும் பீஸ் கணக்கு. அதிலும் நல்ல பீஸுக்கு மட்டும்தான் கூலி. மூடிகள் மெஷின் ஷாப்புக்குப் போய், கடைசல் முடிந்து, அங்கே கசிவு பார்ப்பார்கள். ஒரு பக்கம் சுண்ணாம்பைக் கரைத்துப் பூசிக் காயவிட்டு, மறுபக்கம் மண்ணெண்ணெய் தடவி வைப்பார்கள். ஓட்டை ஊடுருவி இருந்தால் வெள்ளைச் சுண்ணாம்பில் ஈரப் புள்ளி தெரியும். அந்தப் பீஸ் திரும்பி வரும். திரும்பி வந்த ஒவ்வொன்றும் மேஸ்திரியின் அடுத்த வாரக் கணக்கில் கழியும். ஆடி மாதத்தில் காற்றும் சாரலுமாக இருந்தபோது திரும்பி வந்தவை குவிந்து கிடந்தன. மேஸ்திரி வீட்டில் பெண் பிளஸ் டூ படிக்கிறாள். அவர் வாய் திறந்து எங்களிடம் குறை சொல்லவில்லை. கணக்கு நோட்டே சொல்லிற்று.

முதலாளி கெட்டவர் அல்ல. எங்களுக்கு இரண்டு வேளையும் டீ வாங்கிக் கொடுத்தவர். அவர் சொன்ன நியாயம் இதுதான்: "பாருங்க தம்பி, நான் இத்தனை வருசமா இந்தத் தொழில்ல இருக்கேன். ஓட்டைன்னா மண்ணு ஈரம். மண்ணு யாரு கையில? மோல்டர் கையில. அப்ப யாரைக் கேக்கறது?"

மேஸ்திரியிடம் தனியாகப் பேசினோம். அவர் ஒரு மூடியை எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துக் காட்டினார். "ஏனுங்க தம்பி, மண்ணு ஈரமா இருந்தா ஓட்டை தோலுக்கு அடியிலயே, மேல்பக்கமா, பெருசு பெருசா இருக்கும். இதப் பாருங்க, ரவையத் தெளிச்சாப்புல உள்ளார பூரா இருக்குது. இது என்ர மண்ணு பண்ணுன வேலை இல்லீங்க. ஆனா அதை நான் சொன்னா எடுபடுமுங்களா?"

நண்பர்களே, எங்கள் புராஜெக்டின் தலைப்பு அந்த இடத்தில்தான் பிறந்தது.

மூன்று வகை ஓட்டைகள்

திரும்பி வந்த மூடிகளில் சிலவற்றை முதலாளியிடம் கேட்டு வாங்கினோம். எப்படியும் உருக்கத்தான் போகிறார்கள். ஹாக்ஸா கொண்டு குறுக்கே அறுத்தோம். எமரித் தாளில் படிப்படியாகத் தேய்த்தோம். கல்லூரி ஆய்வகத்தில் நுண்ணோக்கியிலும் பார்த்தோம். ஆனால் உண்மையைச் சொன்னால் ஒரு பூதக்கண்ணாடியே முக்கால் வேலையை முடித்துவிட்டது. ஓட்டைக்கும் முகம் உண்டு. மூன்று முகங்களைக் கண்டோம்.

முதல் வகை, மேஸ்திரி சொன்ன பெரிய ஓட்டை. இது அச்சு மண்ணிலிருந்தோ கோரிலிருந்தோ கிளம்பிய ஆவி உலோகத்துக்குள் புகுந்து மாட்டிக்கொண்டது. உள்சுவர் வழவழப்பாக இருக்கும். மேல்பரப்பை ஒட்டியோ, கோருக்குப் பக்கத்திலோ தங்கும். இதுதான் உண்மையான ப்ளோ ஹோல். மண்ணின் ஈரம், காற்றோட்டத் துளை போதாமை, வேகாத கோர் ஆகியவை காரணம். இதற்கு மோல்டிங் பக்கம்தான் பொறுப்பு.

இரண்டாம் வகை, ரவை தெளித்தது போன்ற நுண்துளை. பின் ஹோல் என்பார்கள். உருண்டையாக, சின்னதாக, பரவலாக இருக்கும். கனமான இடத்தில், அதாவது மெதுவாக ஆறுகிற இடத்தில், பெரிதாகவும் அதிகமாகவும் தெரியும். இது உலோகத்திலேயே கரைந்திருந்த ஹைட்ரஜன். இதற்கும் மண் பிடிப்பவர் கைக்கும் சம்பந்தம் மிகவும் குறைவு.

மூன்றாம் வகை, உருண்டையாக இருக்காது. கரடுமுரடாக, பல் பல்லாக, கிழிந்தது போல இருக்கும். உலோகம் உறையும்போது சுருங்குவதால் வருவது. சுத்த அலுமினியம் திரவத்திலிருந்து திடமாகும்போது பருமனில் சுமார் 6.5 சதவீதம் சுருங்குகிறது. சிலிக்கான் உறையும்போது விரிவதால் எல்.எம்.6 போன்ற கலவையில் இது குறைவு. ஆனால் இல்லாமல் போவதில்லை. சுருங்குகிற இடத்துக்கு வேறு எங்கிருந்தாவது திரவ உலோகம் வந்து நிரப்ப வேண்டும். வழி அடைத்துக்கொண்டால் ஓட்டை. எங்கள் மூடியில் போல்ட் போடுகிற தடித்த குமிழ்களுக்கு அடியில் இது இருந்தது. இதற்குப் பொறுப்பு ரைசர் எங்கே, எவ்வளவு பெரிதாக வைப்பது என்று தீர்மானித்தவர். அதாவது பேட்டர்ன் வடிவமைத்தவர்.

அறுத்த மூடிகளை மூன்று குவியலாக வைத்தோம். பெரிய குவியல் ஹைட்ரஜன் குவியல். அடுத்தது சுருக்கக் குவியல். உண்மையான மண் ஓட்டை மிகக் கொஞ்சம். சில மூடிகளில் இரண்டும் கலந்திருந்தன. சுருங்குகிற இடத்தைத் தேடித்தான் ஹைட்ரஜனும் போய் உட்காரும். அவற்றை எந்தக் குவியலிலும் சேர்க்காமல் தனியே வைத்தோம். நியாயம் என்று பேச ஆரம்பித்த பிறகு நமக்குச் சாதகமாகக் கணக்கைத் தள்ளுவது கூடாதல்லவா?

ஒரு சொட்டுத் தண்ணீர்

அலுமினியத்துக்குள் ஹைட்ரஜன் எப்படி வந்தது? யாரும் சிலிண்டர் வைத்து ஊதவில்லையே!

உருகிய அலுமினியத்துக்கு ஆக்சிஜன் மீது தீராத பசி. தண்ணீர் ஆவி எங்கே கண்ணில் பட்டாலும் அதிலிருந்து ஆக்சிஜனைப் பிடுங்கிக்கொண்டு அலுமினா ஆகிறது. அநாதையாக விடப்பட்ட ஹைட்ரஜன் நேராக உலோகத்துக்குள் கரைந்து போகிறது. உருகிய அலுமினியத்தில் குறிப்பிடத்தக்க அளவு கரையக்கூடிய வாயு ஹைட்ரஜன் ஒன்றுதான்.

இனிக் கணக்கைக் கவனியுங்கள். 660 டிகிரியில், உருகிய நிலையில் 100 கிராம் அலுமினியம் சுமார் 0.69 மி.லி. ஹைட்ரஜனைத் தாங்கும். அதே வெப்பநிலையில் உறைந்துவிட்டால் சுமார் 0.036 மி.லி. மட்டுமே தாங்கும். கிட்டத்தட்ட இருபதில் ஒரு பங்கு. கோலி சோடாவைத் திறந்ததும் பொங்குவது போல, உறைகிற கணத்தில் மீதி ஹைட்ரஜன் வெளியே வரத் துடிக்கிறது. சுற்றிலும் உலோகம் கெட்டியாகிக்கொண்டிருக்கிறது. போக வழியில்லை. அங்கேயே குமிழாக நிற்கிறது.

வெப்பம் கூடினால் உலோகத்தின் தாங்கும் சக்தியும் கூடும். 750 டிகிரியில் 100 கிராமுக்குச் சுமார் 1.25 மி.லி. 800 டிகிரியில் சுமார் 1.67 மி.லி. அதாவது, "கொஞ்சம் நல்லா காயட்டும்" என்று பர்னஸை விட்டுவைத்தால் ஹைட்ரஜனுக்கு விருந்து வைக்கிறோம் என்று பொருள்.

இன்னொரு கணக்கு. இதை நாங்கள் டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்து ஒரு சிகரெட் அட்டையின் பின்பக்கம் போட்டோம். (அட்டை கீழே கிடந்தது, விடுதிக் காப்பாளர் கவனிக்க!) ஒரு சொட்டுத் தண்ணீர் 0.05 கிராம் என்று வைத்துக்கொள்வோம். அதிலுள்ள ஹைட்ரஜன் முழுதும் பிரிந்தால் சுமார் 62 மி.லி. ஒரு கிலோ உருகிய அலுமினியம் 660 டிகிரியில் தாங்குவது சுமார் 6.9 மி.லி. ஆக, ஒரே ஒரு சொட்டு, ஒன்பது கிலோ உலோகத்தை நிறைக்கப் போதும். எல்லா ஆவியும் உலோகத்துக்குள் போய்விடாது என்பது உண்மைதான். ஆனால் எங்கள் கொட்டகையில் ஆடிச் சாரலில் ஒரு சொட்டா விழுந்தது?

பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற ஆடிக் காற்றில் ஈரம் இருக்கிறது. அதைத் தடுக்க முடியாது. தடுக்கக்கூடியவை என்னென்ன என்று மூன்று நாள் ஒரு மூலையில் நின்று பார்த்து எழுதினோம். கடைசல் சீவல்கள் கூலண்ட் எண்ணெயும் நீரும் சொட்டச் சொட்ட மூட்டையில் வந்து அப்படியே மூசைக்குள் போயின. இங்காட் கட்டிகள் கொட்டகை ஓரத்தில் நனைந்து கிடந்தன. வாயு நீக்கும் மாத்திரை டப்பா மூடியில்லாமல் ஜன்னல் மாடத்தில் இருந்தது. கரண்டியும் அமுக்கும் மணியும் ஈரத் தரையில் கிடந்து நேராக உலோகத்துக்குள் இறங்கின. எல்லாவற்றுக்கும் மேலாக, உலோகம் உருகித் தயாரான பிறகு அச்சுகள் தயாராகும்வரை ஒரு மணி நேரம் பர்னஸ் எரிந்துகொண்டே காத்திருந்தது.

நனைந்த கட்டியை உருகிய உலோகத்தில் போடுவது ஓட்டைக்கு மட்டும் காரணம் அல்ல. தண்ணீர் உலோகத்துக்கு அடியில் சிக்கினால் சட்டென ஆவியாகி வெடிக்கும். உயிருக்கே ஆபத்து. இதை எந்த மாணவரும் மறக்க வேண்டாம்.

உப்பியதும் குழிந்ததும்

பார்த்து எழுதினால் போதுமா? முதலாளிக்கு நிரூபிக்க வேண்டும். வார்த்து, கடைந்து, மண்ணெண்ணெய் தடவிப் பார்ப்பதற்குள் மூன்று வாரம் ஓடிவிடும். ஊற்றுவதற்கு முன்பே உலோகத்தில் வாயு இருக்கிறதா என்று தெரிய வேண்டும். அதற்கு ஒரு சோதனை உண்டு. குறைந்த அழுத்தச் சோதனை என்பார்கள். ஸ்ட்ராப், ஃபைஃபர் என்ற இருவர் பெயராலும் வழங்குகிறது.

முறை சுலபம். ஒரு சிறிய இரும்புக் கிண்ணத்தில் கொஞ்சம் உருகிய உலோகத்தை எடுத்து ஒரு மூடிய அறைக்குள் வைத்து, காற்றை உறிஞ்சி, சுமார் 80 மில்லிபாரில் உறைய விடுகிறோம். நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம் சுமார் 1000 மில்லிபார். வெளி அழுத்தம் குறைந்ததும் உள்ளே ஒளிந்திருக்கும் வாயு பெரிதாக விரிந்து தன்னைக் காட்டிக் கொடுத்துவிடும். குளிர்சாதனப் பணிமனையிலிருந்து ஒரு வேக்குவம் பம்பை, எங்கள் விரிவுரையாளர் கையெழுத்துப் போட்டு வாங்கிக் கொடுத்தார். கனத்த இரும்புக் குழாய்த் துண்டில் அறை செய்தோம். மேலே தடித்த கண்ணாடி, நடுவில் ரப்பர் வளையம்.

முதல் நாள் பர்னஸிலிருந்து நேராக எடுத்த உலோகம், கண்ணாடி வழியே எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பூரி மாதிரி உப்பிற்று. அறுத்தால் உள்ளே கடற்பஞ்சு. முதலாளி ஒன்றும் பேசவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு இன்னொரு முறை பார்த்தார்.

எண்ணாகவும் சொல்லலாம். ஒரு துண்டைச் சாதாரணக் காற்றிலும் இன்னொன்றைக் குறைந்த அழுத்தத்திலும் உறையவிட்டு, இரண்டையும் காற்றிலும் தண்ணீரிலும் எடை போட்டு, ஆர்க்கிமிடீஸ் முறையில் அடர்த்தி காண வேண்டும். உதாரணமாக முதலாவது 2.65, இரண்டாவது 2.44 என்றால் வித்தியாசம் 0.21. அதை 2.65-ஆல் வகுத்து நூறால் பெருக்கினால் கிட்டத்தட்ட 8. இதை அடர்த்திக் குறியீடு என்பர். எண் சிறியதாக இருந்தால் உலோகம் நல்லது. ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: இந்தச் சோதனை ஹைட்ரஜனை மட்டும் காட்டுவதில்லை. உலோகத்தில் மிதக்கும் ஆக்சைடு ஏடுகளில்தான் குமிழ்கள் முளைக்கின்றன என்பதால், ஏடு நிறைய இருந்தாலும் எண் கூடும். எப்படியானாலும் அச்சுக்குப் போவதற்கு முன்பே உலோகத்தில் கோளாறு இருந்தது என்பது அதில் தெரிந்துவிடும். மேஸ்திரிக்கு அது போதும்.

நாங்கள் மாற்றியவை

புதிய இயந்திரம் வாங்க முதலாளியிடம் பணம் இல்லை. ஆகவே காசில்லாத மாற்றங்களிலிருந்து தொடங்கினோம்.

முதலாவது, கட்டிகளையும் சீவலையும் பர்னஸ் வாயருகே அடுக்கிச் சூடேற்றி, ஈரம் போன பிறகே உள்ளே போடுவது. எண்ணெய் சொட்டும் சீவலை இந்த மூடிக்குச் சேர்ப்பதே இல்லை.

இரண்டாவது, கருவிகள். கரண்டி, மணி, கலக்கும் கம்பி எல்லாவற்றுக்கும் பூச்சு பூசி, காயவைத்து, சூடாக்கிய பிறகே உலோகத்தில் இறக்குவது.

மூன்றாவது, நேரம். உலோகம் அச்சுக்காகக் காத்திருக்கக் கூடாது. அச்சுதான் உலோகத்துக்காகக் காத்திருக்க வேண்டும். பத்து அச்சுகள் மூடிய பிறகே பர்னஸைக் கடைசிக் கட்டத்துக்கு ஏற்றுவது. பெட்டிக்குள் தூங்கிய பைரோமீட்டருக்கு புது தெர்மோகப்பிள் போட்டோம். 740 டிகிரியைத் தாண்ட விடுவதில்லை.

நான்காவது, வாயு நீக்கம். அங்கே பயன்பட்டது ஹெக்ஸாகுளோரோஈத்தேன் மாத்திரை. உலோகத்துக்கு அடியில் அமுக்கினால் அலுமினியம் குளோரைடு ஆவிக் குமிழ்கள் மேலே வரும். குமிழுக்குள் ஹைட்ரஜன் இல்லாததால் உலோகத்திலிருக்கும் ஹைட்ரஜன் அதற்குள் புகுந்து வெளியேறிவிடும். மாத்திரை ஈரமாக இருந்தால் மருந்தே நோயைக் கொண்டுவருகிறது! டப்பாவை உலர்ந்த இடத்தில் மூடி வைத்தோம். மாத்திரையை மேலே எறியாமல் மணிக்குள் வைத்து அடி வரை அமுக்கி, குமிழ் நிற்கும்வரை பிடித்து, பிறகு சில நிமிடம் அசையாமல் விட்டு, கசடை வழித்தோம். ஆனால் இந்தப் புகை நெஞ்சைக் கமறச் செய்யும். ஐரோப்பிய ஒன்றியம் 1997-லேயே சட்டம் செய்து இதைக் கட்டுப்படுத்தியது. அதனால் பர்னஸ்காரர் நலத்துக்காகவும், இரண்டாம் கட்டமாக உலர்ந்த நைட்ரஜன் சிலிண்டரும் கிராஃபைட் குழாயும் வைத்தோம். குமிழ் எவ்வளவு சிறியதோ அவ்வளவு நல்லது. ஒரே அளவு வாயு, சிறு குமிழ்களாகப் பிரிந்தால் பரப்பு கூடும், மெதுவாக ஏறும், அதிக ஹைட்ரஜனை அள்ளும். பெரிய தொழிற்சாலைகளில் சுழலும் கிராஃபைட் தலை இதைத்தான் செய்கிறது. குமிழ் பெரிதாகிக் கொதிப்பது போல மேல்பரப்பு உடைந்தால், எடுத்த ஹைட்ரஜனை விட வாங்கிக்கொள்வது அதிகமாகிவிடும்.

ஐந்தாவது, சுருக்க ஓட்டைக்கு. செக் நாட்டு ஷ்வோரினோவ் 1940-ல் சொன்ன விதியை நாம் படித்திருக்கிறோம்: உறையும் நேரம், பருமனைப் பரப்பால் வகுத்ததன் வர்க்கத்தைப் பொறுத்தது. தடித்த குமிழ் கடைசியில் உறைகிறது. அதற்கு முன்பே ரைசரின் கழுத்து உறைந்துவிட்டால் ஊட்டம் யார் தருவது? கழுத்தைத் தடிமனாக்கினோம். ரைசர் எட்டாத குமிழ்களுக்கு அடியில் வார்ப்பிரும்புச் சில் வைத்து, அங்கே முதலில் உறையும்படி செய்தோம். சில்லையும் சூடாக்கித்தான் வைக்க வேண்டும். குளிர்ந்த இரும்பில் ஈரம் வேர்த்திருந்தால் அதுவே புது ஓட்டைக்கு வித்து.

டீ ஆத்துகிற மாதிரி

இதற்குப் பிறகும் சில மூடிகள் கசிந்தன. இங்கேதான் இங்கிலாந்துப் பேராசிரியர் ஜான் கேம்ப்பெல் எங்களுக்கு உதவினார். நேரில் அல்ல, நூலகத்தில். 1991-ல் முதல் பதிப்பு வந்த அவருடைய வார்ப்புகள் பற்றிய நூல், பவுண்டரி படிப்பவர்கள் அனைவரும் புரட்ட வேண்டிய ஒன்று. பாலின் மேல் ஏடு படிவது போல உருகிய அலுமினியத்தின் மேல் எப்போதும் ஆக்சைடு ஏடு உண்டு. உலோகம் அலைந்து மடிந்தால் ஏடும் மடிந்து உள்ளே போகிறது. மடிப்பின் இரண்டு உலர்ந்த பக்கங்களும் ஒட்டுவதில்லை. அதுவே விரிசல், அதுவே ஹைட்ரஜன் குமிழுக்குத் தொட்டில்.

கேட் வழியாக நுழையும் வேகம் வினாடிக்கு 0.5 மீட்டரைத் தாண்டினால் இந்த ஆபத்து தொடங்குகிறது என்கிறார் அவர். எவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தால் அந்த வேகம் வரும் தெரியுமா? வர்க்கத்தை இரண்டு ஜி-யால் வகுத்துப் பாருங்கள். சுமார் 12.7 மில்லிமீட்டர். அரை அங்குலம்! நம் பவுண்டரிகளில் ஓர் அடி உயரத்திலிருந்து டீ மாஸ்டர் டீ ஆத்துகிற மாதிரி ஊத்துகிறார்கள். டீக்கு நுரை அழகு. அலுமினியத்துக்கு நுரை கேடு.

கரண்டி மூக்கை ஊற்றுக் கிண்ணத்துக்கு மிக அருகில் கொண்டுவந்து, விட்டுவிட்டு ஊற்றாமல் ஒரே சீராக ஊற்றச் சொன்னோம். ரன்னரில் ஒரு செராமிக் நுரை வடிகட்டி வைத்து வேகத்தைத் தணித்தோம். மேஸ்திரி உடனே பிடித்துக்கொண்டார். "எங்க அய்யன் பித்தளை ஊத்தறப்பவே சொல்லுவாருங்க, கொழந்தைக்குப் பால் ஊத்தறாப்புல ஊத்துடான்னு. இப்பத்தானுங்க அதுக்குக் காரணம் தெரியுது" என்றார்.

ரிஜெக்ஷன் நோட்டு

ஐப்பசி மழை கொட்டுகிற நாட்களில், ஆடியில் கடற்பஞ்சாக உப்பிய அதே கிண்ணத்தில் உலோகம் நடுவில் லேசாகக் குழிந்து உறைந்தது. குழிந்தால் வாயு குறைவு, சுருக்கம் தன் இயல்பைக் காட்டுகிறது என்று அர்த்தம். திரும்பி வருகிற மூடிகள் நன்றாகக் குறைந்தன. அடியோடு நின்றுவிடவில்லை, நிற்கும் என்று யாரும் எதிர்பார்க்கவும் வேண்டாம். ஓட்டையே இல்லாத வார்ப்பு என்பது விலைப்பட்டியலில்தான் கிடைக்கும்.

ஆனால் எங்களுக்கு இன்னொரு வேலை பாக்கி இருந்தது. ரிஜெக்ஷன் நோட்டைப் புரட்டினால் தேதி, பீஸ் எண்ணிக்கை, காரணம் என்று மூன்று பத்திகள். காரணம் என்ற பத்தியில் மேலிருந்து கீழ் வரை ஒரே வார்த்தை: "ஓட்டை." நாள் கூலிக்காரர்களிடம் கழிக்க எண்ணிக்கை இல்லை. பேட்டர்ன் வெளியிலிருந்து வந்தது. பீஸ் கணக்கு இருந்தது மேஸ்திரிக்கு மட்டும். எங்கே எண்ணிக்கை இருக்கிறதோ அங்கேயே குற்றமும் போய் உட்கார்ந்துகொண்டது. இதில் யாருடைய வஞ்சகமும் இல்லை. ஒரு வார்த்தை போதாமல் போனதுதான்.

அந்தப் பத்தியை நான்காகப் பிரித்துக் கோடு போட்டுக் கொடுத்தோம்: உலோகம், ஊட்டம், மண், தெரியவில்லை. திரும்பி வருகிற பீஸ்களில் சிலவற்றை அறுத்துப் பார்த்துத்தான் எழுத வேண்டும். "மண்" என்று எழுதினால் மட்டும் மேஸ்திரி கணக்கில் கழிக்கலாம். "தெரியவில்லை" என்றால் கழிக்கக் கூடாது.

முதலாளி அந்த நான்காவது பத்தியில்தான் நின்றார். "தெரியலைன்னா அந்த நட்டம் யாருது தம்பி?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. நாங்கள் மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். எங்களில் அதிகம் பேசாத நண்பன்தான் பதில் சொன்னான்: "பவுண்டரியோடதுங்க. லாபமும் அதோடதுதானுங்களே." முதலாளி சிரித்துவிட்டார். ஆனால் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. இரண்டு வாரம் கழித்து, தீபாவளி போனஸ் கணக்குப் போடும்போது, புது நோட்டு வாங்கி நான்கு பத்தி கோடு போட்டிருந்ததை மேஸ்திரி எங்களுக்குக் காட்டினார். ஆடியில் கழித்த கூலி திரும்பி வரவில்லை. அதைக் கேட்கிற உரிமை எங்களுக்கு இல்லை. கேட்கிற தைரியம் அவருக்கு இல்லை. புது நோட்டு அன்றிலிருந்துதான் தொடங்கிற்று.

நண்பர்களுக்கு

நாம் டிப்ளமோ முடித்து வெளியே போகிறோம். சிலர் மேலே படிப்போம். பலர் ஏதாவது ஒரு ஷாப்பில் சூப்பர்வைசராக நிற்போம். நம் கையில் ஒரு நோட்டுப் புத்தகம் தரப்படும். இப்போது அது கம்ப்யூட்டர் திரையாகக் கூட இருக்கலாம். அதில் காரணம் என்று ஒரு கட்டம் இருக்கும். அவசரத்தில், மேலே இருப்பவர் கேட்கிறார் என்பதற்காக, ஏதோ ஒரு வார்த்தையை நாம் அதில் எழுதுவோம். அந்த ஒரு வார்த்தையில் யாரோ ஒருவருடைய அரிசியும் பருப்பும் பள்ளிக் கட்டணமும் தொங்கிக்கொண்டிருக்கும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

எழுதுவதற்கு முன் பீஸை அறுத்துப் பாருங்கள். உருண்டையா, பல்லா, வழவழப்பா என்று பாருங்கள். வேலை செய்கிற மேஸ்திரியைக் கேளுங்கள். அவருக்குப் பாதி விடை ஏற்கெனவே தெரிந்திருக்கும், மீதிப் பாதிதான் நம் படிப்பு. அப்படியும் தெரியாவிட்டால், தெரியவில்லை என்று எழுதுங்கள். அப்படி எழுதுவதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

அலுமினியத்துக்குள் இருக்கும் ஓட்டையை ஒரு பூதக்கண்ணாடி காட்டிவிடும். கணக்கு நோட்டில் இருக்கும் ஓட்டையைக் காட்ட, பார்க்கிற மனசு வேண்டும். இரண்டையும் சேர்த்துப் பழகுவோம், வாருங்கள்!